அண்டார்டிகாவா, ஸ்வால்பார்டா? ஒரே ஒரு துருவப் பயணத்துக்குப் பணம் சேர்த்தவர்களுக்கு

இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் ஒரு தம்பதியை மறக்க முடியவில்லை. இருவரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். கணவர் புவியியல், அந்த அம்மா உயிரியல். முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டிய துருவத்தை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. "சேர்த்த பணம் ஒரு பயணத்துக்குத்தான் வரும் தம்பி. தெற்கா வடக்கா, நீங்களே சொல்லுங்க" என்றார் அம்மா.

நான் இரண்டு பக்கமும் போய் வந்தவன். ஆனாலும் அன்றைக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "அண்டார்டிகா" என்ற பெயருக்கு இருக்கும் கவர்ச்சி, மற்ற எல்லாக் கணக்கையும் மறைத்துவிடுகிறது. ஏழாவது கண்டத்தில் கால் வைத்தோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் ஆசையா, இல்லை பனியோடும் உயிர்களோடும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டுமா? இரண்டுக்கும் பதில் வேறு வேறு.

பொதுவாக மூன்று வழிகளுக்கு நடுவில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். அர்ஜென்டினாவின் உசுவாயா ஊரிலிருந்து கப்பலேறி அண்டார்டிகத் தீபகற்பம் போவது ஒன்று. நார்வேக்கு வடக்கே 78 டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளைச் சிறு கப்பலில் சுற்றுவது ஒன்று. கப்பலே வேண்டாம் என்று ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியனில் தங்கி, பகல் பயணங்களாகப் பார்த்து வருவது மூன்றாவது.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது?

பயணத்தின் மொத்த நாள் முக்கியமில்லை. பனிக்கு அருகில் எத்தனை நாள் என்பதுதான் முதல் கேள்வி. பத்து நாள் பயணம் என்று விளம்பரத்தில் இருக்கும். அதில் நான்கு நாள் வெறும் கடலாக இருக்கலாம்.

அடுத்தது, எந்த உயிரைப் பார்க்க ஆசை என்பது. பெங்குயின் தெற்கில் மட்டும். துருவக்கரடி வடக்கில் மட்டும். தெரிந்த விஷயம்தான், ஆனால் ஒரே பயணத்தில் இரண்டையும் எதிர்பார்த்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கரையில் உங்களுக்கு எத்தனை நேரம் கிடைக்கும். இதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. கப்பலில் எத்தனை பேர் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அப்புறம் உடம்பு. கடல் ஆட்டத்தைத் தாங்குமா, அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் டாக்டர் கிடைப்பார்? கடைசியாக, டிக்கெட் விலைக்கு வெளியே இருக்கும் செலவு.

## அண்டார்டிகத் தீபகற்பம், கப்பலில்

உசுவாயாவிலிருந்து கிளம்பியதும் டிரேக் கடல் வழி. தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னுக்கும், அண்டார்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய தெற்கு ஷெட்லண்ட் தீவுகளுக்கும் நடுவில் சுமார் 800 கிலோமீட்டர். அந்த அட்சரேகையில் உலகைச் சுற்றி எங்கேயும் நிலம் குறுக்கே வராது. அதனால் காற்றும் அலையும் தடையில்லாமல் ஓடிவரும். போக ஏறக்குறைய இரண்டு நாள், வர இரண்டு நாள். சிலருக்குக் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். எனக்குப் போகும்போது அப்படித்தான் இருந்தது. வரும்போது ஒன்றரை நாள் படுக்கையை விட்டு எழவில்லை. சாப்பாட்டு அறையில் பாதிக்கு மேல் காலி.

பத்து, பதினொரு நாள் பயணத்தில் ஐந்து நாள் அளவுக்குத்தான் தீபகற்பத்தில் இருப்பீர்கள். ஆனால் அந்த ஐந்து நாளுக்கு இணை கிடையாது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். லமேர் கால்வாயில் இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை. கப்பல் மெதுவாகப் போகும்போது எல்லோரும் தன்னாலே பேச்சை நிறுத்திவிட்டார்கள். குவர்வில் தீவில் ஜென்டூ பெங்குயின்கள் ஆயிரக்கணக்கில். பனியில் அவை நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை போட்டிருக்கும். அந்தப் பாதையை நாம் குறுக்கே கடக்கலாம், அதன் மேல் நடக்கக் கூடாது. பெங்குயின் வந்தால் நாம்தான் நின்று வழிவிட வேண்டும். ஐந்து மீட்டர் தள்ளி நிற்பது விதி. ஆனால் அதுவாகவே கிட்டே வந்து நம் காலணியைப் பார்த்துவிட்டுப் போகும்.

மண் வாசனை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெங்குயின் குடியிருப்பின் நாற்றம் கரையை அடையும் முன்பே மூக்கைத் தாக்கும். கிரில் என்ற சிறு இறால் வகையைத் தின்று அவை போடும் எச்சம் இளஞ்சிவப்பாக இருக்கும். ஜாக்கெட்டில் ஏறிய வாடை வீடு வரைக்கும் வரும்.

நவம்பரில் பனி தூய வெள்ளையாக இருக்கும், பறவைகள் ஜோடி சேர்ந்து கூடு கட்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குஞ்சுகள். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கலங்கள் அதிகம், ஆனால் கரையெல்லாம் சேறு. பேரரசப் பெங்குயினைப் பார்க்க வேண்டும் என்றால் இந்த வழக்கமான பயணத்தில் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஆட்கணக்கு. அண்டார்டிகப் பயண நிறுவனங்களின் சங்கம் 1991-ல் தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையிறக்கவே முடியாது. ஓர் இடத்தில் மூன்று மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் கப்பலில் நீங்கள் மூன்று மணி நேரமும் கரையில் இருக்கலாம். 200 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் ரப்பர் படகில் சுற்றிவிட்டு மாற்றிக்கொள்வார்கள், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். 400 பேர் என்றால் முக்கால் மணி. காலணி கழுவி, படகேறி, இறங்கி நிற்பதற்குள் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். விலை குறைவாகத் தெரியும் கப்பல் பெரும்பாலும் பெரிய கப்பல்தான். ஒரு மணி நேரக் கரைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சிறிய கப்பல் மலிவாக வந்து நிற்கும்.

கடலைக் கடக்கப் பயப்படுகிறவர்களுக்கு விமான வழி இருக்கிறது. சிலியின் புன்டா அரீனாஸ் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கிங் ஜார்ஜ் தீவின் சரளைக்கல் ஓடுபாதையில் இறக்கிவிடுவார்கள், அங்கே கப்பல் காத்திருக்கும். வாந்தி மயக்கம் இல்லை. ஆனால் மூடுபனி இருந்தால் விமானம் கிளம்பாது. ஒரு நாள், இரண்டு நாள் ஊரிலேயே உட்கார வேண்டி வரலாம், அந்த நாள்கள் உங்கள் ஐந்து நாளிலிருந்துதான் கழியும். போகவே முடியாவிட்டால் என்ன ஆகும் என்பது ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லீவு குறைவாகவும் பணம் அதிகமாகவும் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த வழி.

## ஸ்வால்பார்டு, சிறு கப்பலில்

ஆஸ்லோவிலிருந்து மூன்று மணி நேர விமானம். லாங்யர்பியனில் இறங்கிய அன்று சாயங்காலமே கப்பல் கிளம்பும், மறுநாள் காலை பனியாற்றின் முன்னால் நிற்பீர்கள். எட்டு நாள் பயணம் என்றால் ஏழு நாளாவது உண்மையிலேயே ஆர்க்டிக்கில்தான். பெரும்பகுதி ஃபியோர்டு என்னும், மலைகளுக்கு நடுவே உள்நுழையும் கடல் இடுக்குகளுக்குள் என்பதால் டிரேக்கில் படும் பாடு கிடையாது. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சூரியன் மறையாது. ராத்திரி ஒரு மணிக்கு மேல்தளத்தில் நின்று, நீண்ட தந்தமுள்ள கடல்விலங்கான வால்ரஸின் கூட்டத்தைப் பார்த்தது எனக்கு இன்னும் கனவு மாதிரி இருக்கிறது.

வகை வகையாகப் பார்க்க வேண்டும் என்றால் வடக்குதான். குட்டைக்கால் கலைமான், துருவ நரி, வால்ரஸ், அல்கெஃப்யெல்லெட் பாறைச் சுவரில் விளிம்பு விளிம்பாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கில்லிமாட் பறவைகள். ஜூலையில் தரையோடு தரையாகப் பூக்கள் விரியும். மரம் ஒன்றுகூடக் கிடையாது. அண்டார்டிகா முழுவதிலும் இயற்கையாகப் பூக்கும் செடி இரண்டே வகைதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். அந்த உயிரியல் ஆசிரியைக்கு இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

சரி, கரடி. மனிதர்களைவிடக் கரடிகள் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். தீவுகளை ஒட்டிய பேரன்ட்ஸ் கடல் பகுதி முழுவதையும் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு வரும். தீவுகளிலேயே தங்கி வாழ்பவை சுமார் 300. சிறு கப்பலில் ஒரு வாரம் சுற்றினால் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் கிடையாது. 2025 ஜனவரி 1 முதல் நார்வே விதியைக் கடுமையாக்கிவிட்டது. கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். விளம்பரங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் முகத்துக்கு நேரான கரடிப் படங்களில் பல அதற்கு முன் எடுத்தவை. 300 மீட்டரில் கரடி என்பது நல்ல பைனாகுலரில் ஓர் உயிர், வெறும் கண்ணில் அசையும் மஞ்சள் புள்ளி. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. இரையான சீல் என்னும் கடல்நாய்க்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் விலங்கை நாம் கிளப்பிவிட்டால் அதன் சாப்பாடு போய்விடும். ஆனால் பெரிய லென்ஸ் இல்லாத புகைப்படக்காரர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

அதே 2025 விதிகளில் இன்னும் இரண்டு உங்களைத் தொடும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது. அங்கே கரையிறங்க அனுமதி 43 இடங்களில் மட்டும். பழைய பயணக் கட்டுரையில் படித்த இடம் இப்போது பட்டியலில் இல்லாமல் இருக்கலாம்.

கரையில் நடக்கும் சுதந்திரம் இங்கே குறைவு. வழிகாட்டிகள் துப்பாக்கியோடு முதலில் இறங்கி, மேட்டில் ஏறி, கரடி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் நாம் இறங்கலாம். பிறகும் கூட்டத்தோடுதான் நடை. தெற்கில் நம்மைத் தின்ன வரும் நிலவிலங்கு எதுவும் இல்லை என்பதால், கொடி நட்ட எல்லைக்குள் தனியாக ஓர் ஓரம் போய் நிற்கலாம். தனிமை தேடிப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் ஸ்வால்பார்டின் நீ-ஆலசுண்ட் குடியிருப்பில் இருக்கிறது. சில கப்பல்கள் அங்கே நிற்கும். ஆய்வுக் கருவிகளுக்குத் தொந்தரவு வராமலிருக்கக் கைபேசியில் வைஃபை, புளூடூத் எல்லாம் அணைத்துவிட்டுத்தான் ஊருக்குள் நடக்க வேண்டும். அண்டார்டிகாவில் இருக்கும் இந்திய நிலையங்களான மைத்ரியும் பாரதியும் சுற்றுலாக் கப்பல்கள் போகும் பக்கத்திலேயே கிடையாது.

## லாங்யர்பியனில் தங்கி

சுமார் 2,500 பேர் வாழும் ஊர். 1906-ல் நிலக்கரிக்காக உருவானது. ஹோட்டலுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கரித்தூளை வீட்டுக்குள் கொண்டுவராமலிருக்கச் சுரங்கத் தொழிலாளிகள் தொடங்கிய வழக்கமாம், அருங்காட்சியகத்திலும் அதேதான். நம் ஊர் வீட்டுக்குள் நுழைவது போலவே இருந்தது.

இங்கே நான்கைந்து நாள் தங்கினால், கோடையில் படகில் கைவிடப்பட்ட சோவியத் சுரங்க ஊரான பிரமிடன் போகலாம், பனியாற்றின் முகத்தைப் பார்க்கலாம், வழிகாட்டியோடு மலையேறலாம். பிப்ரவரி கடைசியில் நீல வெளிச்சமும் நாய்ச் சறுக்குவண்டியும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பகலிலேயே வடமுனை ஒளி தெரிய வாய்ப்புண்டு. சாலை ஊர் எல்லையோடு முடிந்துவிடும், அதைத் தாண்டித் தனியாகப் போகக் கூடாது. 2020 ஆகஸ்டில் விமான நிலையத்தை ஒட்டிய கூடார முகாமிலேயே கரடி தாக்கி ஒருவர் இறந்தார்.

கரடி பார்ப்பது இந்த வழியில் அரிது. ஆனால் செலவு கப்பலில் மூன்றில் ஒரு பங்கு, இஷ்டப்பட்ட நாளில் ஓய்வெடுக்கலாம், ஊரிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், துருவம் தனக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

செலவு ஒருவருக்கு, அறையைப் பகிர்ந்துகொண்டு, சென்னையிலிருந்து விமானம் சேர்த்து, என் தோராயக் கணக்கு.

| | அண்டார்டிகா, கப்பல் | ஸ்வால்பார்டு, கப்பல் | லாங்யர்பியனில் தங்கல் |
|---|---|---|---|
| வீடு விட்டு வீடு | 15–18 நாள் | 11–14 நாள் | 7–9 நாள் |
| பனியருகே | 5 நாள் அளவு | 7 நாள் அளவு | 4–5 நாள், ஊரைச் சுற்றி |
| முக்கிய உயிர் | பெங்குயின், திமிங்கலம், சீல் | கரடி, வால்ரஸ், கலைமான், பறவைகள் | கலைமான், நரி, பறவைகள் |
| கடல் ஆட்டம் | கடுமையாக இருக்கலாம் | பெரும்பாலும் மிதம் | பகல் படகில் மட்டும் |
| மருத்துவம் | கப்பல் டாக்டர். வெளியே கொண்டுபோக நாள்கணக்காகலாம் | கப்பல் டாக்டர். தேவைப்பட்டால் ஹெலிகாப்டர் | ஊரிலேயே சிறிய ஆஸ்பத்திரி |
| காலம் | நவம்பர்–மார்ச் | ஜூன்–ஆகஸ்ட் | ஏறக்குறைய ஆண்டு முழுதும் |
| செலவு | 9–14 லட்சம் | 6–10 லட்சம் | 2.5–3.5 லட்சம் |

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

காப்பீடு முதலில். அவசரத்தில் ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ கொண்டுபோகும் செலவுக்குப் பெரிய தொகைக் காப்பீடு இல்லாமல் பல நிறுவனங்கள் கப்பலில் ஏற்றாது. சாதாரண வெளிநாட்டுப் பயணப் பாலிசிகள் சிலவற்றில் துருவப் பகுதி விலக்கப்பட்டிருக்கும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2007 நவம்பரில் எம்.எஸ். எக்ஸ்ப்ளோரர் என்ற சுற்றுலாக் கப்பல் தெற்கு ஷெட்லண்ட் தீவுகளருகே பனியில் மோதி மூழ்கியது. 154 பேரும் உயிர் தப்பினார்கள், அருகில் இன்னொரு கப்பல் இருந்ததால்.

தனியாகப் போகிறவர் ஒரு முழு அறை கேட்டால் ஒன்றரை மடங்கு, சில கப்பல்களில் இரண்டு மடங்கு கட்டணம். அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் சேர்த்துவிடுவார்களா என்று கேளுங்கள். ரப்பர் காலணி பெரும்பாலும் கப்பலிலேயே கிடைக்கும், நீர் புகாத பேன்ட் நாம்தான் வாங்க வேண்டும். பணியாளர்களுக்கான அன்பளிப்பு, கயாக் என்னும் துடுப்புப் படகுச் சவாரி, கூடாரத்தில் ஓர் இரவு எல்லாம் தனி.

தெற்கே போகிறவர்கள் உசுவாயாவில் குறைந்தது இரண்டு ராத்திரி முன்கூட்டியே போய்விடுங்கள். புவனோஸ் ஐரஸில் சர்வதேச விமானம் இறங்குவது ஒரு நிலையம், உசுவாயா விமானம் பெரும்பாலும் கிளம்புவது ஊரின் இன்னொரு மூலையில். என் பெட்டி அந்த மாற்றத்தில் தொலைந்து, கப்பல் கிளம்பும் நாள் காலையில்தான் வந்து சேர்ந்தது. ஒரு ராத்திரி மட்டும் வைத்திருந்தால் பருத்திச் சட்டையோடு கப்பலேறியிருப்பேன்.

வடக்கே போகிறவர்கள் ஏமாறும் இடம் விசா. ஸ்வால்பார்டுக்கு விசாவே வேண்டாம் என்று படித்துவிட்டு வருவார்கள். ஸ்வால்பார்டு பற்றிய 1920 சர்வதேச ஒப்பந்தத்தால் அது உண்மைதான். ஆனால் நார்வே வழியாகத்தான் போக வேண்டும், ஸ்வால்பார்டு ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் வட்டத்துக்கு, வெளியே இருக்கிறது. ஆஸ்லோவில் கிளம்பும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா வாங்கினால் திரும்பி வர வழியில்லாமல் நிற்பீர்கள்.

இன்னொரு செலவு நம் பையிலிருந்து போவதில்லை. தெற்கே முதல் கரையிறக்கத்துக்கு முந்தின நாள், எல்லோர் துணியையும் பையையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, வெல்க்ரோவில் ஒட்டியதை ஊசியால் எடுப்பார்கள். என் கேமராப் பையின் மடிப்பில் ஒரு நாயுருவி விதை இருந்தது. எங்கள் ஊர் வரப்பில் ஒட்டியது. வழிகாட்டிப் பெண் அதை இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது எனக்கு உடம்பு கூசியது. கிங் ஜார்ஜ் தீவில் மனிதர்களோடு வந்த ஒரு புல் ஏற்கெனவே வேர்பிடித்து, அதைப் பிடுங்க ஆய்வாளர்கள் வருஷக்கணக்காகப் போராடியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தீபகற்பத்துப் பறவைகளிலும் பறவைக் காய்ச்சல் உறுதியானது. இப்போது கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைக் கீழே வைக்கவோ கூடாது. முட்டி வலிக்காரர்களுக்கு மூன்று மணி நேரம் நின்றே இருப்பது சின்ன விஷயமில்லை.

## யாருக்கு எது?

பெங்குயின்தான் வாழ்நாள் ஆசை என்றால் யோசிக்கவே வேண்டாம், தெற்கு. ஆனால் 200 பேருக்கு மேற்பட்ட கப்பலில் போகாதீர்கள். அந்தப் பணம் இல்லையென்றால் இரண்டு வருஷம் கழித்துப் போங்கள். பனிமலைகளின் பிரம்மாண்டமும் தெற்கில்தான், அதற்கு ஸ்வால்பார்டு ஈடாகாது.

பதினைந்து நாள் லீவு கிடைக்காதவர்கள், கப்பலில் உடம்பு படுத்துபவர்கள், இதய மருந்து சாப்பிடுபவர்கள், ஒரே இடத்தில் பல உயிர்களையும் மனித வரலாற்றையும் பார்க்க விரும்புபவர்கள் வடக்கே போகலாம். ஜூன் கடைசி முதல் ஜூலை நடு வரை என் தேர்வு. கடற்பனியும் இருக்கும், பூக்களும் தொடங்கியிருக்கும். தீவை முழுச்சுற்றுச் சுற்ற வேண்டும் என்றால் ஜூலை கடைசிக்குத் தள்ளுங்கள், அதற்கு முன் வடகிழக்கில் பனி வழியை மறிக்கலாம்.

கரையிறக்காத பெரிய சொகுசுக் கப்பலில் அண்டார்டிகாவைத் தூரத்திலிருந்து பார்ப்பது நடக்க முடியாத பெரியவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

அந்த ஆசிரியத் தம்பதிக்கு நான் ஸ்வால்பார்டு சொன்னேன். கணவருக்கு ரத்த அழுத்தம், அம்மாவுக்கு முட்டி வலி. கணவர் இரண்டு நாள் பேசவில்லை, அண்டார்டிகாவை மனதில் வைத்தே முப்பது வருஷம் பாடம் எடுத்தவர். பிறகு அவரே கூப்பிட்டு, ஆர்க்டிக் ஆலா என்ற பறவை இங்கே கோடையில் முட்டையிட்டுவிட்டு, மறுகோடைக்கு அண்டார்டிகக் கடல் வரை பறந்து போய்த் திரும்புமாமே, அதைப் பார்க்கலாமா என்று கேட்டார். தாராளமாகப் பார்க்கலாம், லாங்யர்பியன் சாலையோரத்திலேயே கூடு கட்டும், கிட்டே போனால் தலையில் கொத்தும், ஒரு குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். 116 பேர் கப்பலில் ஜூலை முதல் வாரத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். விசா விண்ணப்பத்தில் பலமுறை நுழைவு என்று குறித்தாயிற்றா என்று நேற்று மறுபடியும் கேட்டேன்.